வேலைப் பங்கு

ஏனுங்க தம்பி, யாரைப் பாத்து சமையல்காரரான்னு கேட்டீங்க? என்னையுங்களா? நல்லாப் பாருங்க. மொகத்துல இருக்கற இந்தக் கல்லு மாவைத் தொடச்சுட்டுப் பாத்தா தெரியும். திருச்செங்கோட்டுல போயி சென்னியப்பன் பைனான்ஸ் எங்கன்னு கேளுங்க, பச்சக் கொழந்த கூட வழி காட்டும். சமையல்காரராமே! எனக்குச் சுடுதண்ணி வெக்கக் கூடத் தெரியாதுங்க.

உங்க மேல தப்பில்ல. போர்வெல் வண்டியில ராடு மாட்டறதெல்லாம் இருவது வயசு வடநாட்டுப் பசங்க. அவனுக நடுவுல அம்பத்திமூணு வயசு ஆளு ஒருத்தன், தலையெல்லாம் வெள்ளையா நின்னா யாருக்கும் கேக்கத் தோணும். உக்காருங்க. கம்ப்ரசர் சூடாயிருச்சு, ஆறறதுக்கு அரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் உங்க காட்டுல ஒரு பொட்டுத் தூசி பறக்காது.

அதா, லீவர் கிட்ட ஒருத்தன் நின்னு பீடி குடிக்கறான் பாருங்க. இடது கையில குடிக்கறான். வலது கையத் துண்டுல சுத்தி வெச்சுருக்கறான். அவந்தான் அர்த்தநாரி. நான் அவனுக்குக் கடன் குடுத்தவன், அவன் என்கிட்டக் கடன் வாங்குனவன். இப்ப அவன் லீவர் போடறான், நான் அவனுக்கு ராடு மாட்டறேன். சிரிக்காதீங்க தம்பி. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிப் போடறேன். நான் கோவக்காரன் இல்லீங்க. ஊருல அப்படி ஒரு பேச்சு இருக்குது. பொறாமைக்காரனுக கெளப்பி விட்டது.

அவன் கடன் வாங்குன கதையக் கேளுங்க. அர்த்தநாரி டிரில்லருங்க. பொறந்ததுல இருந்தே இந்த வேலை. கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் வரைக்கும் போயி போர் போட்டு ஊரான் ஊட்டுக்கெல்லாம் தண்ணி காட்டுனவன். அவனுக்கு எளையாம்பாளையத்துல ரெண்டு ஏக்கர் காடு. அதுல ஒரு போர் போட்டான். தண்ணி இல்லாம வெறும் புகையா வந்துச்சு. பத்தடி தள்ளி இன்னொண்ணு போட்டான். அதுவும் புகை. மத்தவன் காட்டுல இப்படி ஆனா, ‘போதுமுங்க, இங்க தண்ணி இல்ல, காசை வீணாக்காதீங்க’ன்னு அவனே சொல்லுவான். அவன் காட்டுல அவனுக்கு யாரு சொல்றது? இன்னொரு நூறு அடி, இன்னொரு நூறு அடின்னு ஆயிரத்து இருநூறு அடி வரைக்கும் எறக்கிட்டான். மொத்தம் நாலு போரு. கம்பெனி வண்டிதானேன்னு சும்மாவா போட்டாங்க? கூட்டாளியா இருந்தாலும் டீசல் சும்மா வராதுல்ல. அடிக்கு அடி காசு. அந்தக் காசு நான் குடுத்தது. எட்டு லட்சம்.

எதை நம்பிக் குடுத்தேன்னு கேளுங்க. இந்த வண்டிய நம்பி! இந்த ரிக்கு வண்டி, பக்கத்துல நிக்கற கம்ப்ரசர் வண்டி, ரெண்டும் சேந்து கோடியத் தாண்டும். நாலு பேரு கூட்டுக் கம்பெனி. நாலுல ஒருத்தன் அர்த்தநாரி. அப்ப நாலுல ஒரு பங்குன்னா எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. நானும் போட்டுப் பாத்தேன். நேர்ல வந்து வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தேன். டயரைக் காலால ஒதைச்சுக் கூடப் பாத்தேன். கம்பெனிப் பத்திரத்தை மட்டும் பாக்கல. கண்ணு முன்னால இத்தாப் பெரிய வண்டி நிக்கறப்ப எவனுங்க பத்திரம் கேப்பான்?

ஒரு வருசம் வட்டி ஒழுங்கா வந்துச்சு. அப்புறம் நின்னுருச்சு. ஆளு போனையும் எடுக்கறதில்ல. ஒரு நாளு ஊருக்குள்ள பேக்கரியில டீ குடிச்சுக்கிட்டு நிக்கறான், நல்ல கூட்டம். போயி ஒண்ணு விட்டேன். ஒண்ணே ஒண்ணுதானுங்க! கையில இருந்த டீ கிளாசு பறந்து போயி ஒடஞ்சுது. ஒதடு கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். அவன் திருப்பி அடிக்கல. ‘குடுத்தர்றனுங்ண்ணா’ன்னான். ஒடஞ்ச கிளாசுக்கு பேக்கரிக்காரருக்கு நாந்தான் காசு குடுத்தேன். அவ்வளவு நேர்மையான ஆளுங்க நான்.

அடிச்சும் காசு வரல. சரி, சட்டப்படி போலாம்னு கோர்ட்டுக்குப் போனேன். பாத்தீங்களா, சட்டப்படி போனவன் நானு. கேசு நடந்து டிகிரி ஆச்சு. அர்த்தநாரி எனக்கு எட்டு லட்சமும் வட்டியும் குடுக்கணும்னு ஜட்ஜ் அய்யா எழுதிட்டாரு. அன்னிக்கு அர்த்தநாரீசுவரர் மலை ஏறி தேங்கா ஒடச்சேன். அடுத்த வாரமே ஜப்தி பண்ற கோர்ட்டு அமீனாவ காருல ஏத்திக்கிட்டு வண்டி நிக்கற பட்டறைக்குப் போனேன். ஜப்தி பண்ணி ஏலம் விட்டா காசு கைக்கு வந்துரும்.

அங்க நாச்சிமுத்துன்னு ஒருத்தரு. கம்பெனியில பெரிய பங்குக்காரரு, பணம் போட்டவரு. வெள்ளை வேட்டி, வெத்தலை, சத்தமாவே பேச மாட்டாரு. பக்கத்துல அவரு வக்கீலு. அந்த வக்கீலு அமீனாகிட்ட ரெண்டு வார்த்தை சொன்னான். அமீனா வந்த வழியே காருல ஏறி உக்காந்துக்கிட்டாரு. ‘ஏனுங்க, எறங்குங்க’ங்கறேன். ‘முடியாதுங்க, இது கம்பெனி சொத்து. கம்பெனி மேல டிகிரி இல்ல’ங்கறாரு.

ஜட்ஜ் அய்யாகிட்டயே போயிக் கேட்டேன். பொறுமையாத்தான் சொன்னாரு. ‘வண்டி கம்பெனியோடது. கடன் அர்த்தநாரியோடது. கம்பெனி உங்ககிட்டக் கடன் வாங்கலையே?’

‘அர்த்தநாரி கம்பெனிக்காரன் தானுங்களே?’

‘அவரு ஒரு கூட்டாளி. கூட்டாளியோட கடனுக்குக் கம்பெனி வண்டியத் தொட முடியாது. அவரு பங்குல லாபம் வந்தா அதை நீங்க வாங்கிக்கலாம். அப்படித்தான் உத்தரவு போட முடியும்.’

‘லாபம் எப்பங்க வரும்?’

‘அவங்க பிரிக்கறப்ப.’

‘எப்பப் பிரிப்பாங்க?’

‘அது அவங்க விருப்பம்.’

அட கெரகமே! தம்பி, இது உங்களுக்கு ஞாயமாப் படுதா? சொல்லுங்க. ஒரு ஆளோட பங்கு என்கிட்ட மாட்டியிருக்குது. ஆனா பங்கைத் தொடக் கூடாது, பாக்கக் கூடாது, கம்பெனிக்குள்ள போயி ஏன்டான்னு கேக்கக் கூடாது. கணக்குப் பாக்கணும்னா அதுக்குத் தனி மனு போடணும், அது ஆண்டுக்கணக்குல இழுக்கும்னு என்ற வக்கீலு சொல்லிப் போட்டான். அவனுகளாப் பாத்துப் பிரிச்சுக் குடுத்தா வாயப் பொளந்துக்கிட்டு வாங்கிக்கணும். இதுக்கு எதுக்குங்க டிகிரி?

கோர்ட்டுல இருந்து நேரா பட்டறைக்குப் போனேன். கார் டிக்கியில எப்பவும் ஒரு கடப்பாரை இருக்கும். தொழிலுக்கு வேணுமில்ல. எடுத்தேன். ‘நாலுல ஒரு பங்கு என்ற ஆளோடது. அந்தப் பங்க நான் ஒடைச்சுக்கறேன். மிச்ச முக்கால நீங்க வெச்சுக்கங்க’ன்னு கத்திக்கிட்டே முன் கண்ணாடியில போட்டேன் பாருங்க, மொத்தக் கண்ணாடியும் பொலபொலன்னு கொட்டிருச்சு. அப்புறம் ரெண்டு லைட்டு. அப்புறம் ஒரு டயர். அளவாத்தானுங்க ஒடைச்சேன். நாலுல ஒரு பங்குக்கு மேல ஒரு போல்ட்டைக் கூடத் தொடல.

அந்த வடநாட்டுப் பசங்களுக்கு எங்கீங்க பங்குக் கணக்கு புரியப் போகுது? அஞ்சாறு பேரு சேந்து என்னைய மண்ணுல போட்டு மெதிச்சானுக. ஒருத்தன் ராடு முடுக்கற ஸ்பேனரால வெலாவுல ஒரு போடு போட்டான். ரெண்டு எலும்பு போயிருச்சு. இன்னும் குனிஞ்சு நிமுந்தா சுருக்குங்குது. மூக்குல வாயில எல்லாம் ரத்தம். அர்த்தநாரி தான் நடுவுல பூந்து ‘விடுங்கடா, விடுங்கடா’ன்னு பசங்களத் தள்ளி விட்டான். நாச்சிமுத்து சேர்ல இருந்து எந்திரிக்கவே இல்ல. வெத்தலையத் துப்பிட்டு, ‘சென்னியப்பா, கண்ணாடி வெலைய நாளைக்குக் குடுத்து அனுப்பிரு’ன்னாரு. குடுத்தேனுங்க. ஸ்டேசன்ல எழுதி வாங்கிட்டானுகளே, குடுக்காம என்ன பண்றது?

சரி, பொறுத்துக்கிட்டேன். கோர்ட்டு உத்தரவு வந்துச்சு, அர்த்தநாரி பங்கு லாபம் வந்தா எனக்குன்னு. ஒரு வருசம் பாத்தேன். வண்டி ஓடுது. ராப்பகலா ஓடுது. மழையில்லாத வருசம், ஊரெல்லாம் போரு. லாபம் எங்கடான்னா, புது கம்ப்ரசர் வாங்கிட்டோம்ங்கறாரு நாச்சிமுத்து. அதா நிக்குதே மஞ்சளா, சூடேறிக்கிட்டு, அதுதான் அது! அதுக்குள்ள என்ற காசு இருக்குது தம்பி. என்ற எட்டு லட்சம் அதுக்குள்ள உக்காந்து புகை விடுது.

ஒரு நாளு மத்தியானம். வண்டி சர்வீசுக்கு வந்துருக்குது, ஆளு ஊட்டுல இருக்கறான்னு தகவல் வந்துச்சு. போனேன். கோவமே இல்லீங்க எனக்கு அன்னிக்கு. சத்தியமாச் சொல்றேன். மனசு அப்படியே அடங்கிக் கெடந்துச்சு. சோறு தின்னுக்கிட்டு இருந்தான். கழுத்துல கையக் குடுத்து வாசலுக்கு இழுத்துக்கிட்டு வந்தேன். தட்டு உருண்டு போச்சு. வாசப்படிக்குப் பக்கத்துல தொவைக்கற கல்லு. அதுக்கு முன்னால மண்டி போட வெச்சேன்.

‘எந்தக் கையிலடா என்கிட்டக் காசு வாங்குன?’

பொய் சொல்லியிருக்கலாமில்ல? இடதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன ஆதாரமா கேக்கப் போறேன்? ‘வலது கையிலங்ண்ணா’ன்னான். சோத்துப் பருக்கை இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு அந்தக் கையில. கல்லு மேல வெச்சு முட்டியப் போட்டு அழுத்திக்கிட்டேன். டிக்கியில இருந்து பைப் ரெஞ்சு எடுத்துட்டு வந்திருந்தேன். மொத அடிக்கு அவன் கத்துனான். ரெண்டாவது அடிக்குச் சத்தம் வேற மாதிரி வந்துச்சு, அது அவன் வாயில இருந்து வரல. அப்புறமும் அடிச்சேன். எத்தனைன்னு தெரியல. வெரலெல்லாம் ஒரு பக்கமாப் போயிருச்சு.

அப்பத்தான் அவன் சம்சாரம் வளர்மதி அடுப்படியில இருந்து ஓடியாந்தா. கையில சோறு வடிச்ச கஞ்சி, கொதிக்கக் கொதிக்க. அப்படியே என்ற தோள்ல கவுத்தா பாருங்க! இங்க பாருங்க தம்பி, பாருங்க. காதுல இருந்து முதுகு வரைக்கும் தோலு உரிஞ்சு போச்சு. இன்னும் வெயில்ல நின்னா எரியுது. ஒரு பொம்பளைக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும். நான் அவளை ஒரு சொல்லு சொன்னனா? அவளுக்கும் எனக்கும் என்னங்க பகை? நான் பாட்டுக்கு என்ற கடன்காரனை அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில சேத்தாங்க அவனை. என்னைய ஊருல ஒரு டாக்டர் ஊட்டுல. போலீசு வரும் வரும்னு குப்புறப் படுத்துக் கெடந்தேன். வரல. அர்த்தநாரி டாக்டருகிட்ட, கையில ராடு விழுந்துருச்சுன்னு சொல்லிட்டானாம். பயந்துட்டான்னு நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தானே நெனப்பீங்க?

அப்புறம் ஒரு நாளு நாச்சிமுத்து என்ற ஆபீசுக்கு வந்தாரு. கையில ஒரு கிலோ ஆப்பிளு. உக்காந்தாரு. ‘சென்னியப்பா, ரொம்ப நல்ல காரியம் பண்ணிப் போட்டே. நாங்க மூணு பேரும் எப்படிடா பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தோம்’ங்கறாரு.

‘என்னங்க சொல்றீங்க?’

‘நாங்க மூணு பேரு பணம் போட்டவங்க. எங்க பங்கு பணப் பங்கு. அர்த்தநாரி ஒத்த ரூவா போடல. அவன் பங்கு வேலைப் பங்கு. ரெண்டு கையும் வேலை செய்யற வரைக்குந்தான் பங்கு. ஆறு மாசத்துக்கு வேலைக்கு வரலீன்னா, மாத்தாளும் குடுக்கலீன்னா, பங்கு தானா எங்களுக்குத் திரும்பிரும். பத்திரத்துல அப்படித்தான் எழுதியிருக்குது. நீ பாக்கலையா?’

தம்பி, எனக்குத் தலை சுத்திருச்சு. நான் ஒடைச்சது எதுன்னு வெளங்குதுங்களா? அவன் கைய இல்லீங்க. என்ற பங்க! கண்ணாடிய ஒடைச்சேன், மாத்திக்கிட்டானுக. டயரைக் கிழிச்சேன், மாத்திக்கிட்டானுக. கோடி ரூவா வண்டியில எனக்குன்னு கோர்ட்டு எழுதிக் குடுத்தது அந்த ஒரு கை மட்டுந்தான். அதைத் தொவைக்கற கல்லுல வெச்சு நானே நசுக்கிட்டேன். யாராவது ஒருத்தன் முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா? கல்லு மேல கைய வெச்சப்பவாவது அவன் சொல்லியிருக்கலாமில்ல?

தோள்ல கட்டோட ஈரோட்டுக்கு ஓடுனேன். டாக்டரு காலைப் புடிச்சேன். ‘எவ்வளவு வேணாலும் ஆகட்டுமுங்க, அந்தக் கைய எப்படியாவது ஒட்ட வெச்சுருங்க’ன்னு அழுதேன். நெசமாவே அழுதேனுங்க, அங்க வராண்டாவுல உக்காந்து. ஒரு நர்சம்மா வந்து தண்ணி குடுத்து, ‘உங்க தம்பியா?’ன்னு கேட்டுச்சு. என்ன சொல்றது? ஆமான்னுட்டேன். ஆபரேசன் செலவு பூரா நாந்தான் கட்டுனேன். கம்பி வெச்சுத் தெச்சுப் பாத்தாங்க. கை இருக்குது, வெரலு மடங்காது. ஒரு டம்ளரைக் கூடப் புடிக்காது. அவ்வளவுதான்னுட்டாரு டாக்டரு.

அப்பத்தான் வளர்மதி பேசுனா. அவன் கட்டில்ல சுவத்தப் பாத்துப் படுத்திருக்கறான், அவ தான் பேசறா. ‘அவருக்கு இடது கை இருக்குது. லீவர் போட அது போதும். வலது கைக்கு ஒரு மாத்தாளு குடுத்தா பங்கு போகாது. பத்திரத்துல அப்படித்தான் இருக்குது.’

‘சரி, ஒரு பையனப் புடிச்சு அனுப்பறேன். சம்பளம் நான் குடுத்தர்றேன்’னேன்.

‘பையன் வேண்டாம். நீ வா.’

சிரிச்சேன் தம்பி. சிரிக்காம என்ன பண்றது? என்னைய யாருன்னு நெனச்சா அவ? அவ சிரிக்கல. ‘நீ வரலீன்னா இவரு நாளைக்கே போலீசுல உண்மையச் சொல்லுவாரு. நீ உள்ள போவ. பங்கும் போகும். ஒத்த ரூவா வராது. வந்தா, கடன் தீர்ற வரைக்கும் பங்கு லாபம் உனக்கு’ன்னா. அவன் அப்பவும் சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தான்.

ரெண்டு நாளு யோசிச்சேன். யோசிக்க யோசிக்க எனக்கே அது நல்ல ரோசனையாப் பட்டுச்சுங்க. ஜட்ஜ் அய்யா என்ன சொன்னாரு? கம்பெனிக்குள்ள போகக் கூடாது, வண்டியத் தொடக் கூடாதுன்னாரு. இப்ப நான் வண்டி மேலயே நிக்கறேன். எத்தனை போரு, எத்தனை அடின்னு என்ற கண்ணாலயே பாக்கறேன். எவன் எனக்குக் கணக்கு காட்டணும்? அவனுக போட்ட பூட்டைச் சட்டத்துக்கும் தெரியாம நான் தொறந்துட்டேன். அப்படித்தான் என்ற சம்சாரத்துகிட்டயும் சொல்லிட்டு வந்தேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா. அவளுக்கு யாவாரம் தெரியாது.

வந்து இப்ப ஆறேழு மாசம் இருக்கும். வேலை என்னன்னு இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்களே பாப்பீங்க. இருவது அடிக்கு ஒருக்கா ராடு மாட்டணும். கீழ போன ராடு நழுவாம குழி வாயில இருக்கற டேபிள்ல ஸ்பேனரைக் குடுத்து நிறுத்தணும், அது என்ற வேலை. புது ராடைத் தூக்கி நேராப் புடிக்கணும், அதுவும் என்ற வேலை. மேல ராடைச் சுத்தற மோட்டார் இருக்குதே, அதுதான் மண்டை, அது எறங்கி வந்து புது ராடைக் கவ்வி முடுக்கும். அந்த மண்டைய எறக்கற லீவரு அவன் கையில. நான் கைய எடுத்தப்புறந்தான் அவன் எறக்கணும். கொஞ்சம் முந்துனா என்ற கை கூழு. எலும்பைக் கூடப் பொறுக்க முடியாது. போன வருசம் வேற ஒரு வண்டியில ஒரு பையனுக்கு அப்படி ஆச்சு.

வந்த நாள்ல இருந்து அவன் என்னைய ஒரு கெட்ட வார்த்த பேசுனதில்ல. ‘வாங்கண்ணா, சாப்புடுங்கண்ணா’தான். மொதல்ல எனக்கும் அது சவுகரியமாத்தான் இருந்துச்சு. அப்புறந்தான் கவனிச்சேன். ஒவ்வொரு ராடுக்கும், என்ற கை உள்ள இருக்கறப்ப, அவன் லீவர் மேல கைய வெச்சுட்டு என்ற கையப் பாப்பான். மூஞ்சியப் பாக்க மாட்டான். கையத்தான். நான் கைய எடுத்ததுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் அந்த எடத்தையே பாத்துக்கிட்டு இருப்பான். அப்புறந்தான் எறக்குவான்.

ஒரு நாளைக்கு எத்தனை ராடுன்னு நெனச்சுப் பாருங்க தம்பி. நான் யாருக்கும் பயந்தவன் இல்ல. அஞ்சாறு பேரு சேந்து மெதிச்சப்பக் கூட ஒருத்தன் காதைக் கடிச்சு வெச்சவன். ஆனா இவன் அந்தப் பார்வை பாத்து முடிச்சா, நானே என்ற வெரலை ஒருக்கா எண்ணிப் பாத்துக்கறேனுங்க. ‘அடிக்கறதுன்னா அடிச்சுத் தொலையேன்டா’ன்னு ஒரு நாளு கத்திட்டேன். பசங்க எல்லாம் திரும்பிப் பாத்தானுக. அவன் பீடியப் பத்த வெச்சுக்கிட்டான்.

போன மாசம் அரூர் பக்கத்துல ஒரு காட்டுல போட்டுக்கிட்டு இருந்தோம். நான் ஸ்பேனரைக் குடுத்துக்கிட்டு இருக்கறேன், மண்டை எறங்கிருச்சு. வெரலுக்கு மேல ஒரு நூலு எடம் இருக்கும், அப்படியே நின்னுச்சு. காத்து ‘புஸ்’ஸுன்னு என்ற வெரல்ல படுது, சூடா. எடுக்கணும்னு கூடத் தோணல எனக்கு, அப்படியே வெறச்சுப் போயி நிக்கறேன். வேட்டி நனைஞ்சு போச்சுங்க. சொல்லறதுக்கு என்ன வெக்கம்.

அவன் லீவரைப் புடிச்சுக்கிட்டே சொன்னான். ‘பயப்படாதீங்கண்ணா. உங்க கடன் தீர்ற வரைக்கும் இந்தக் கை எனக்கு வேணும்.’

அவ்வளவுதான் சொன்னான். மண்டைய மேல தூக்கிட்டான். நான் கைய எடுத்தேன்.

அன்னில இருந்து நான் ஒழுங்காத் தூங்கலீங்க. முந்தி காசு வரலையேன்னு தூக்கம் வராது. இப்ப காசு வந்துருமோன்னு வரல. இந்த வருசமும் மழையில்ல. வண்டிக்கு ஓய்வே இல்ல. நேத்து நாச்சிமுத்து போன் பண்ணுனாரு, ரொம்பச் சந்தோசமா. ‘சென்னியப்பா, கோர்ட்டுச் சங்காத்தமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். வர்ற நோம்பி பண்டிகைக்கு லாபத்தைப் பிரிச்சர்றோம். ஓட்டம் இப்படியே போனா உன்ற கணக்கு பைசா பாக்கியில்லாமத் தீந்துரும்’ங்கறாரு. நான் ‘அதுக்கென்னங்க அவசரம், மெதுவாப் பிரிக்கலாமுங்க’ங்கறேன். ‘என்னப்பா, நீயா பேசறே?’ன்னு சிரிக்கறாரு. ஆஸ்பத்திரிச் செலவையும் கடன்ல சேத்தா கொஞ்ச நாளு இழுக்கலாமேன்னு வக்கீலைக் கேட்டேன். டிகிரியில இருக்கறதுக்கு மேல ஒரு ரூவா சேக்க முடியாதுன்னுட்டான்.

ஓடிப் போயிருங்கன்னு சொல்ல வர்றீங்க, உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. போலாந்தான். ஒரு பஸ்ஸு ஏறுனா போச்சு. போலீசு கேசு கூட நான் பாத்துக்குவேன். ஆனா நான் போனா மாத்தாளு இல்ல. மாத்தாளு இல்லீன்னா பங்கு போயிரும். எட்டு லட்சமுங்க தம்பி! வட்டி வேற! அதை அந்த நாச்சிமுத்துக்கு விட்டுப் போட்டு எப்படிங்க போறது? நீங்க போவீங்களா?

அதா, கூப்புடறான். கம்ப்ரசர் ஆறிருச்சாட்ட இருக்குது. வர்றேன் அர்த்தநாரி, வர்றேன்! இரு, காட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வர்றேன்.

தம்பி, இப்ப ஐநூறு அடி எறங்கியிருக்குது. நீங்க எண்ணூறு வரைக்கும் போகச் சொன்னீங்களாமா. எதுக்குங்க? ஈரம் வந்துருச்சு, மண்ணைத் தொட்டுப் பாருங்க, குளுகுளுன்னு இருக்குது. ஆடு மாடு குடிக்க, ஒரு ஏக்கர் தக்காளிக்கு, இது போதும். நீங்க எறக்கற ஒவ்வொரு அடிக்கும் கம்பெனிக்குக் காசு, அதுல நாலுல ஒரு பங்கு எனக்கு வந்து சேருது, அந்தளவுக்கு அவன் கடன் கொறையுது. முன்னூறு அடின்னா இன்னும் பதினஞ்சு ராடு. வேண்டாமுங்க தம்பி. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். அவங்கிட்டப் போயி, போதும், நிறுத்திக்கன்னு சொல்லுங்க. நான் சொன்னா நிறுத்த மாட்டான். காட்டுக்காரரு சொன்னாத்தான் நிறுத்துவான்.